தீர்மானப் புத்தகத்தில் முதல் கையெழுத்து

எங்கள் ஊர் கிராம சபைக் கூட்டத்தில் பெண்கள் வரிசையில் முதல் கையெழுத்து என்னுடையது. அப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை, பழகிப்போனது. கிளார்க்கு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் வந்தால், முன்னால் இருக்கிற சின்ன வயசுக்காரிகள்கூட, "முதல்ல அவியள்ட்ட குடுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். நானும் அவசரப்பட மாட்டேன். கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்து மாட்டிக்கொள்வேன். பேனா எழுதுகிறதா என்று உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பேன். அப்புறம்தான் கையெழுத்து. தகப்பனார் பெயரின் முதல் எழுத்து, அப்புறம் என் பெயர், அதற்குக் கீழே ஒரு கோடு. கல்யாணமாகி வந்த பிறகும் தகப்பனார் எழுத்தை நான் மாற்றவில்லை. எனக்குப் பிறகு கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போடுவார்கள். கைநாட்டு வைக்கிறவர்கள் கடைசியில்தான். மை பக்கத்தில் ஈஷிவிடும் என்று அப்படி ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம். அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். கைநாட்டுக்காரிகளுக்கு முன்னால் உட்காருவதில் எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் வந்து, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஆற்றைப் பார்க்க இறங்கினால் எங்கள் ஊர். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. தம்பி பிறந்ததும் தொட்டிலாட்ட ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் பெற்ற பிறகு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடந்தபோது மறுபடியும் போனேன். அங்கே அச்செழுத்து பிடிபட்டது. பஸ்ஸில் உள்ள ஊர்ப்பெயர், காலண்டர், கடைப் பலகை, இதெல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். ஆனால் மனுசர் கையால் எழுதினால் எனக்கு ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு போகும். எது முடிகிறது, எது தொடங்குகிறது என்றே தெரியாது.

இது ஊரில் யாருக்கும் தெரியாது. கையெழுத்து அழகாகப் போடுகிறவளுக்கு வாசிக்கவும் தெரியும் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லப்போனால், எனக்கு அது பிடித்திருந்தது. யாருக்காவது காகிதம் வந்தால் என்னிடம் கொண்டுவருவார்கள். அரசாங்கக் காகிதம் எல்லாம் ஒரேமாதிரிதான் பேசும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டு என்றால் மறுபடி எப்போது போகவேண்டும் என்று எண்ணில் இருக்கும், எண் எனக்குத் தெரியும். பச்சை மையில் கையெழுத்து இருந்தால், "பெரிய ஆபீசர் போட்டது, கவனமா வை" என்பேன். அச்சில் இருக்கிற இரண்டு மூன்று சொல்லைப் பிடித்துக்கொண்டு மீதியை நானே சொல்லிவிடுவேன். பெரும்பாலும் தப்பு வந்ததில்லை. வந்தாலும் தப்பு ஆபீஸ் மேல்தான் போகும்.

இப்போது சொல்லப்போகிறது படித்துறை சம்பந்தப்பட்டது. ஆற்றில் எங்களுக்கு இரண்டு படித்துறை. மேற்கே பெரிய படித்துறை, ஆண்களும் வெளியூர்க்காரர்களும் குளிக்கிறது. அதற்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் மருத மரங்களுக்குள் பெண்கள் படித்துறை. அங்கே ஆம்பளை வாடை வராது. வீட்டில் குழாய் இருக்கிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரும் வரும். அது குடிக்க, பொங்க. குளிக்கவும் துவைக்கவும் நாங்கள் ஆற்றுக்குத்தான் போவோம். மாமியார் மருமகள் சண்டை, மாப்பிள்ளை வீட்டுச் சேதி, வயிற்று வலி, எல்லாம் அங்கேதான் பேசித் தீர்ப்போம். மார்பில் பாவாடையைக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றால் எந்தப் பெண்ணும் மனசில் உள்ளதைச் சொல்லிவிடுவாள். குளியலறை வைத்துக் கட்டின வீட்டுப் பெண்கள்கூட வருவார்கள்.

சில வருசத்துக்கு முன்னால், சுதந்திர தினத்துக் கூட்டம். பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் பந்தல் போட்டிருந்தார்கள். கொடி ஏற்றி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து, அந்தச் சத்தம் அடங்குவதற்குள் மைக்கில் தீர்மானங்களை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்பீக்கரை ஆண்கள் பக்கம்தான் கட்டியிருந்தார்கள். எங்களுக்கு இரைச்சல்தான் கேட்டது. நாங்களும் காதைக் கொடுக்கவில்லை, உள்ளதைச் சொல்லவேண்டும்.

கிளார்க்கு புத்தகத்தோடு வந்தான். நல்ல பையன், பக்கத்து ஊர்க்காரன், இரண்டு பெண்பிள்ளைக்குத் தகப்பன். "பெரியம்மா, இந்தத் தடவ தீர்மானத்த எல்லாம் முன்னாடியே எழுதிட்டேன். வாசிச்சுப் பாத்துட்டுப் போடுங்க. பொறவு யாரும் தெரியாதுன்னு சொல்லிறக் கூடாது" என்றான்.

கண்ணாடியை மாட்டினேன். பக்கம் முழுக்க அவன் எழுத்து, பொடிப்பொடியாக. விரலை முதல் வரியில் வைத்தேன். வாசிக்கிறவர்கள் விரல் எந்த வேகத்தில் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த வேகத்தில் பைய நகர்த்தினேன். நடுவில் ஓரிடத்தில் நின்று நெற்றியைச் சுருக்கினேன். கடைசி வரி வந்ததும், "சரியாத்தான் எழுதிருக்க" என்று கையெழுத்துப் போட்டுக் கோடும் இழுத்தேன்.

கடைசியாகப் புத்தகம் என் மதினியிடம் போனது. மதினி என்றால் கூடப்பிறந்தவன் பெண்டாட்டி இல்லை. நானும் அவளும் ஒரே வருசம் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள், முறைக்கு ஒருத்திக்கொருத்தி மதினி. கீழத்தெரு. அவள் கைநாட்டு. மைப்பெட்டியைத் தொடாமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"என்ன எழுதிருக்கு மதினி?"

"எப்பவும் உள்ளதுதான். ரோடு, தண்ணி, தெரு விளக்கு."

"படித்துறையப் பத்தி எதுவும் இருக்கா? போன மாசம் ரெண்டு பேரு அங்கன நின்னு போட்டோ எடுத்துட்டு இருந்தானுவ. என்னண்ணு கேட்டதுக்குச் சும்மாண்ணு சொன்னானுவ."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. விரல வையி, சோலி கிடக்கு."

"நீ பாத்தாச் சரிதான்" என்று அவள் பெருவிரலை உருட்டி வைத்தாள்.

அத்தனை பேரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். கையெழுத்துப் போடத் தெரிந்த ஒருத்தியும் கேட்கவில்லை.

ஒரு மாசம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்திருக்கிறோம், மேலே மரத்தடியில் நாலு ஆண்கள். ஒருத்தன் டேப்பைப் பிடிக்கிறான், ஒருத்தன் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுகிறான். தலையில் எண்ணெயோடு மதினி எழுந்து சத்தம் போட்டாள்.

"ஏலே, பொம்பளைய குளிக்கிற இடத்துல என்னலே சோலி ஒங்களுக்கு?"

அவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டே பதில் சொன்னார்கள். அந்த மரியாதை இருந்தது. "குப்பை தரம் பிரிக்கிற கொட்டகை வருது ஆச்சி. ஒங்க பஞ்சாயத்துல கேளுங்க."

கோடு எங்கள் நடைபாதையைத் தொட்டுக்கொண்டு போனது. கொட்டகை அங்கே வந்தால் வண்டி வந்துபோகும், ஆட்கள் பகல் முழுக்க நிற்பார்கள், நாய் வரும், ஈ வரும். மழை பெய்தால் எல்லாம் படி வழியாக ஆற்றில் இறங்கும். அதற்குமேல் எந்தப் பெண் அங்கே பாவாடையைக் கட்டிக்கொண்டு இறங்குவாள்? படித்துறைக் கல் அப்படியே இருக்கும், எங்களுக்கு இல்லாமல் போகும். சின்னப் பெண் ஒருத்தி அழுதேவிட்டாள். வீட்டில் வாயே திறக்க முடியாத அவள் பேசுகிற இடம் அது ஒன்றுதான் என்று எங்களுக்குத் தெரியும்.

கொட்டகை வேண்டாம் என்று சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தை மாசம் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் பெரிய படித்துறையில்தான் குளிப்பார்கள். உடுத்தின துணியை ஆற்றில் விட்டால் பீடை போகும் என்று வேட்டியும் சேலையும் தண்ணீரிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். தட்டு, டம்ளர், பை, எல்லாம் கரையில் கிடக்கும். அதை அள்ளி வைக்க இடம் வேண்டும். ஆற்றங்கரைப் புறம்போக்குதான் பக்கம் என்று யாரோ பார்த்திருக்கிறார்கள். நினைத்துப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் அந்த இடத்தைப் பார்த்தவர்கள் எங்களைப் பார்க்கவில்லை.

மேலத்தெருவில் ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர் உண்டு, ஊரே அவரைச் சார்வாள் என்று கூப்பிடும். மனு எழுத அவரிடம்தான் போனோம். அவர் எழுதி, எங்களுக்கு வாசித்துக் காட்டி, "நீங்களும் ஒருதரம் பாத்துக்கிடுங்கம்மா" என்று என்னிடம் நீட்டினார். அங்கேயும் விரலை நகர்த்தினேன்.

திங்கட்கிழமை மனு நாள். பன்னிரண்டு பெண்கள் பஸ் ஏறிக் கொக்கிரகுளம் போனோம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ்காரப் பெண் பையைத் திறந்து பார்த்து, தண்ணீர்ப் பாட்டிலை மோந்து பார்த்து உள்ளே விட்டாள். மதினிக்குக் கோபம். "ஆத்துத் தண்ணி தாயி, குடிச்சுப் பாரு" என்று நீட்டினாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வரிசையில் நின்று மனுவைக் கொடுத்து, சீட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். வரும்போது எல்லாருக்கும் ஒரு தெம்பு. பஸ்ஸில் பாட்டுக்கூடப் பாடினார்கள்.

பதில் சீக்கிரமே வந்தது. என் பெயருக்குத்தான் வந்தது, மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது அல்லவா. நல்லவேளை, தபால்காரர் வந்தபோது சார்வாள் தெருவில் இருந்தார். "கண்ணாடி உள்ள கிடக்கு, நீங்களே வாசிங்க" என்றேன். அவர் வாசித்தார். அந்த இடத்தில் கொட்டகை அமைக்கக் கிராம சபை ஏற்கெனவே ஒப்புதல் அளித்திருக்கிறது, ஆகவே மனு ஏற்கப்படவில்லை. அதுதான் சாரம்.

"நாம எப்ப ஒத்துக்கிட்டோம்?" என்றாள் மதினி.

எனக்கு விரல் நின்ற அந்த நடு வரி ஞாபகம் வந்தது. அந்த வரியாகத்தான் இருந்திருக்கும் என்று இல்லை, எந்த வரியாகவும் இருந்திருக்கலாம்.

அன்றைக்கே சார்வாளைக் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனோம். கிளார்க்கு புத்தகத்தை எடுத்து விரித்தான். சார்வாள் அந்தத் தீர்மானத்தை வாசித்தார். அதற்குக் கீழே என் கையெழுத்து, வளையாத கோட்டோடு. கிளார்க்கு என்னைப் பார்த்தான். "பெரியம்மா, நீங்க வாசிச்சுப் பாத்துச் சரியா இருக்குண்ணு சொன்னியள்லா?" என்றான்.

எனக்குப் பதிலாக மதினி பேசினாள்.

"அவ வாசிச்சா. அதுல படித்துறை இல்ல. எங்கிட்ட இல்லண்ணு சொன்னா. நாங்க போனப் பொறவு நீ எழுதிச் சேத்துக்கிட்ட."

"அய்யோ ஆச்சி, நான் எதுக்கு..."

"நீயா எழுதலண்ணா சாமியா வந்து எழுதிச்சு? எங்க மதினி கண்ணுல ஒரு எழுத்துத் தப்பாதுடா."

எனக்காக அவள் அப்படிப் பேசினாள். நான் வாயைத் திறந்திருக்கவேண்டிய இடம் அது. திறக்கவில்லை. சார்வாள் ஒருதடவை என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

ஊர் வாய் அதற்குமேல் நிற்குமா? கிளார்க்கு கள்ளத்தனமாக எழுதிச் சேர்க்கிற பார்ட்டி என்றார்கள். காசு வாங்கிவிட்டான் என்றார்கள். அவன் வருகிற பாதையில் பெண்கள் காறித் துப்பினார்கள். அவன் பெண்டாட்டி எங்கள் ஊர் ரேஷன் கடைக்குத்தான் வருவாள். வரிசையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் இடம் விட்டு நின்றார்கள். நானும் அந்த வரிசையில் இருந்தேன். அந்தப் பெண் யாரையும் பார்க்காமல் அரிசிப் பையின் வாயைத் திருப்பித் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டினதையே அவிழ்த்துக் கட்டினாள்.

அடுத்த கூட்டம் காந்தி ஜெயந்திக்கு. அங்கே இதைப் பேசவேண்டும் என்று முடிவானது. பேசவேண்டியது நான்தான். என்ன பேசவேண்டும் என்றும் அவர்களே முடிவு பண்ணிவிட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டபோது அந்தத் தீர்மானம் அதில் இல்லை, அவ்வளவுதான். ஒரு வரி. அந்த வரியைச் சொன்னால் தீர்மானம் போகும், படித்துறை நிற்கும், என் பெயரும் நிற்கும். கிளார்க்கு மட்டும் போவான்.

அதைச் சொல்லியிருப்பேனா, மாட்டேனா? இப்போது கேட்டாலும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கூட்டத்துக்கு முந்தின நாள்வரை சொல்லத்தான் நினைத்திருந்தேன். என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள எத்தனையோ வழி இருந்தது. பொடி எழுத்தில் எழுதினது அவன் தப்பு. மைக்கை எங்கள் பக்கம் கட்டாதது அவர்கள் தப்பு. இரண்டும் உண்மைதான். உண்மையை வைத்துக்கொண்டே ஒரு பொய்யைக் கட்ட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கூட்டத்துக்கு அவ்வளவு பெண்கள் வந்து நான் பார்த்ததில்லை. தலைவர் அம்மா முப்பது வயசுப் பெண், காலேஜ் படித்தவள், நல்லது செய்யவேண்டும் என்று நினைக்கிறவள். பக்கத்தில் யூனியன் ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி. கிளார்க்கு ஓரமாக நின்றான், ஒரு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தான். என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து மைக்குக்கு முன்னால் போனேன். அதிகாரி புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

"இது ஒங்க கையெழுத்துதானம்மா?"

"ஆமா."

"வாசிச்சுப் பாத்துத்தான போட்டிய?"

பின்னாலிருந்து மதினி குரல். "சொல்லு மதினி, பயப்படாத!"

பயப்படாதே என்று அவள் சொன்னதுதான் என்னை என்னவோ செய்தது. நான் வாசித்த லட்சணம் தெரியாமல் அவள் விரலையும் வைத்து, இப்போது எனக்காக ஊரையும் திரட்டி நிற்கிறாள்.

"வாசிக்கல" என்றேன். மைக்கில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "வாசிக்கத் தெரியாது. அச்செழுத்துத் தெரியும், கையால எழுதினா தெரியாது. அந்தப் பையன் வாசிச்சுப் பாருங்கண்ணு சொன்னான். நான் வாசிச்ச மாதிரி நடிச்சேன். மத்தவங்க எல்லாம் என்னப் பாத்துப் போட்டாவ. அவன் எதையும் பொறவு எழுதல."

ஆண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். "அப்பம் இத்தன வருசமா எங்க வீட்டுக் காயிதத்த எல்லாம் யாரு வாசிச்சா?" என்று ஒரு கிழவி கேட்டாள். அதற்குப் பெண்கள் பக்கமும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மதினியும் சிரிக்கவில்லை.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி, இப்ப நான் வாசிக்கேன், எல்லாரும் கேளுங்க" என்று அந்தத் தீர்மானத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். எங்கள் ஊர்ப் பெண்கள் அதைக் காதால் கேட்டது அப்போதுதான். வாசித்து முடித்துவிட்டு, "இதுக்குச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். பெண்கள் பக்கம் ஒரு கை இல்லை. ஆண்களில் நாலைந்து பேர் தூக்கி, அவரவர் வீட்டுக்காரி முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார்கள்.

தீர்மானம் ரத்து என்று எழுதப்போகிற நேரத்தில் தலைவர் அம்மா எழுந்தாள். அவள் கோபப்படவில்லை. "பெரியம்மா, அங்க வேண்டாம்னா வேற எங்க வைக்கட்டும்? இடத்தச் சொல்லுங்க. ஒவ்வொரு தெருவும் எங்க தெருவுல வேண்டாம்னு சொல்லும். அந்த ஆத்துக் குப்பைய யார் அள்ளிட்டு வருவா?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இடம் ஒன்று இருக்கத்தான் செய்தது. பயிரில் மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கிற பழைய பவுண்டு, சுற்றுச்சுவரோடு சும்மா கிடந்தது. எல்லாருக்கும் அது மனசில் வந்திருக்கும். யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அது என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

"பவுண்டுல வைங்க" என்றேன். "ஆத்துக்கரையில கிடக்கத நாங்க சுமந்து கொண்டாந்து போடுதோம்."

அப்படியே எழுதினார்கள். இந்தத் தடவை அதிகாரி ஒவ்வொரு வரியையும் வாசித்துச் சொன்ன பிறகுதான் புத்தகம் எங்கள் பக்கம் வந்தது. பெண்கள் யாரும் என் பக்கம் கையைக் காட்டவில்லை. யார் முதலில் வாங்குவது என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். மதினி எட்டி வாங்கி, முதல் ஆளாகப் பெருவிரலை வைத்துவிட்டு, புத்தகத்தை என் மடியில் போட்டாள். மை ஈஷியது. அதன்மேலேயே கையெழுத்துப் போட்டேன்.

அவள் என்னோடு பேச ஒரு மாசம் ஆனது. படித்துறையில் நான் இறங்கினால் அவள் ஏறுவாள். நான் போய்ப் பேசினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஒருநாள் தண்ணீரில் நின்றுகொண்டே கேட்டாள்.

"எம் மவன் துபாய்லருந்து போட்ட முதல் கடுதாசி. நீதான வாசிச்ச? அம்மா, ஒன்ன நெனைக்காத நாள் இல்லண்ணு எழுதிருக்கான்னு சொன்ன."

"சொன்னேன்."

"அது அவன் எழுதினதா, நீ எழுதினதா?"

அவள் இரண்டு முழுக்குப் போட்டாள். தலையைத் துவட்டிக்கொண்டே, "பொய்க்காரி. நல்லாத்தான் வாசிச்ச" என்றாள். அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை.

கிளார்க்கிடம் நான் மன்னிப்பு என்று தனியாகக் கேட்கவில்லை. எங்கள் வயசுக்காரர்களுக்கு அந்தச் சொல் வாயில் வராது. அவன் வீட்டுக்கு ஒரு தார் வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் பெண்டாட்டி வாங்கிக்கொண்டாள், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அதுவும் நியாயம்தான். இப்போதெல்லாம் அவன் தீர்மானத்தைக் கொட்டை எழுத்தில், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் எழுதுகிறான். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன், வாய்விட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. நேரமாகிறது என்று ஆண்கள் முனகுவார்கள். "அவசரம்னா போய்ட்டு வாங்க அண்ணாச்சி, நாங்க இங்கதான இருப்போம்" என்பாள் மதினி.

கொட்டகை பவுண்டில் வந்துவிட்டது. ஐப்பசி மழையில் வாடை அடுப்படிவரை வரும். "ஊருக்கு நல்லது செய்யணும்னா நம்ம புறவாசல்லயா செய்யணும் அத்தே?" என்று என் மருமகள் கேட்டாள். ஒரு வருசம் கேட்டாள், இன்னமும் மழை பெய்தால் கேட்கிறாள். ஆனால் அவளும் படித்துறைக்குத்தான் குளிக்கப் போகிறாள்.

செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் ஏழெட்டுப் பேர் குளித்துவிட்டு வரும்போது, பெரிய படித்துறையில் ஒதுங்கின துணியை அள்ளிச் சாக்கில் கட்டிக்கொண்டு வருகிறோம். ஈரத்துணி கல்லாகக் கனக்கும். தை மாசத்தில் ஒருநாள் ஆளுக்கு இரண்டு நடை ஆகிவிட்டது. பாதி வழியில் மதினி சாக்கை இறக்கிவைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஒனக்கு வாசிக்கத் தெரிஞ்சிருந்தா எனக்கு இந்தச் சுமை உண்டுமா?"

"தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வேண்டாம்னு சொல்லிருப்பேன். அப்பமும் யாரு சுமப்பாண்ணுதான் கேட்டிருப்பாவ."

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "அதுவும் சரிதான். சாக்கத் தூக்கி விடு" என்றாள். தூக்கி விட்டேன். மற்றவர்கள் முன்னால் போய்விட்டதால் என் சாக்கைத் தூக்கிவிட ஆள் இல்லை, நானே முழங்காலில் ஏற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.